கம்பத்து மூலைக் கரும்பு

என் மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, கூழ் ஊற்றிய கூட்டம் கலைந்த பிறகு, எங்கள் ஊர் அம்மன் எதிரில் நின்று வேண்டிக்கொண்டேன். "தாயே, இவளுக்கு ஒரு குழந்தையைக் கொடு. என் கழனியில் விளைந்த கரும்பிலேயே தொட்டில் கட்டி உன்னைச் சுற்றி வருகிறேன்."

கரும்புத் தொட்டில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேண்டுதல்தான். நீளமான கரும்பு மூன்றைச் சேர்த்துக் கட்டி, நடுவில் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, அதில் குழந்தையைக் கிடத்துவோம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தோளில் தாங்கிக்கொண்டு கோயிலைச் சுற்ற வேண்டும். எல்லோரும் உத்திரமேரூர் பஜாரில் கரும்பு வாங்கிவந்து கட்டுவார்கள். நான் மட்டும் "என் கழனியில் விளைந்த" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டேன். அம்மனிடம் சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்க முடியாது.

அன்றைக்கு என் கழனியில் நின்ற கரும்பைப் பார்த்தால் யாரும் அப்படி வேண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். கரும்பை வெட்டி, கட்டையைத் துளிர்க்கவிட்டு, அதையும் வெட்டி, பிறகு அதே மண்ணில் மறுபடியும் கரும்பு என்று பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். வர வர கரும்பு என் சுண்டு விரல் அளவுக்கு வந்துவிட்டது. குத்துக்குக் குத்து இடைவெளி. ஒன்றை ஒடித்துப் பிளந்தால் உள்ளே சிவப்பாக ஓடியிருக்கும், புளித்த கள் மாதிரி வாடை அடிக்கும். வேரைக் கிளறினால் வெள்ளைப் புழு. மேட்டுப் பக்கம் கறையான்.

என் பெரியப்பா மகன் ஒருவர் இருக்கிறார். எனக்கு ஐந்து வயது மூத்தவர். அவர் கழனிக்கும் என் கழனிக்கும் நடுவில் ஒரே வரப்பு. ஒவ்வொரு வருஷமும் அவர் வரப்பை மண்வெட்டியால் கழித்துச் சரிசெய்யும்போது அது என் பக்கம் ஒரு விரற்கடை நகர்கிறது என்பது என் சந்தேகம். ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை. வேண்டுதல் வைத்த அதே வாரம் அவர் வரப்பில் வந்து நின்றார்.

"டேய், இத இன்னாத்துக்கு இன்னும் வெச்சிக்கினு கீற? கரும்பு மேல கரும்பு வெச்சி வெச்சி மண்ணே நோவு புடிச்சிக் கெடக்குது. புடுங்கிட்டு ஒரு போகம் நெல்லு வை. தண்ணி கட்டி நின்னா புழு, கறையான் எல்லாம் செத்துப்பூடும். அதுக்கப்பறம் கரும்பு வெச்சிப் பாரு."

"அம்மனுக்குக் கரும்புத் தொட்டிலுன்னு வேண்டிக்கினு கீறண்ணா."

"இந்தக் கரும்புல தொட்டில் கட்டினா கொயந்த கீய வுயுந்துடும்டா!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்பை வேண்டிக்கொண்ட வாரத்திலேயே கரும்பைப் பிடுங்கு என்கிறாரே, ஏன்? அவருக்கு மூன்று பேரப் பிள்ளைகள். என் வீட்டில் ஒன்று வந்தால் அவருக்கு என்ன குறையப் போகிறது? சர்க்கரை ஆலையிலிருந்து வருகிற கரும்பு ஆபீசரைக் கேட்டேன். அவரும் நெல் போடுங்கள் என்றுதான் சொன்னார். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அண்ணனும் அவரும் மானாம்பதி டீக்கடையில் ஒன்றாக டீ குடித்ததை நான் பார்த்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னதே எனக்கு உறுத்தியது.

இதைச் சொன்னால் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "டீ குடிச்சா அதுவும் குத்தமா? நீ எறும்பு ஊந்து போனாக்கூட யார் அனுப்பிச்சாங்கன்னு கேக்கற ஆளு."

கடைசியில் கரும்பே முடிவு செய்துவிட்டது. ஆவணியில் பாதிக்கு மேல் காய்ந்து போனது. பிடுங்கினேன். அதே மாதம் மகளிடமிருந்து போன் வந்தது. என் மனைவிதான் எடுத்துப் பேசினாள், நான் பக்கத்தில் நின்றேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அம்மன் காது கொடுத்துவிட்டாள். அவள் கொடுத்துவிட்டாள், நான் கொடுக்க வேண்டிய கரும்பு கழனியில் இல்லை.

புரட்டாசியில் நெல்லுக்குச் சேடை ஓட்டினோம். தண்ணீர் கட்டிய கழனியை டிராக்டரில் இரும்புச் சக்கரம் மாட்டிச் சேறாகக் கலக்குவதைத்தான் சேடை என்போம். டிராக்டர் அண்ணனுடையது, ஓட்டியதும் அவரே. மூன்று சுற்று முடிந்ததும் வண்டியை நிறுத்தினார்.

"போதும்டா. இதுக்கு மேல கலக்கினா அடி மண்ணு இறுகிப்பூடும். நெல்லுக்கு நல்லதுதான். பின்னால கரும்பு வெக்கப்போறியே, அதுக்கு ஆவாது."

டீசல் மிச்சம் பிடிக்கிறார் என்று என் மனது சொன்னது. அவர் கழனியில் எத்தனை சுற்று ஓட்டினார் என்று நான் எண்ணி வைக்கவில்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது. "இன்னும் ரெண்டு சுத்து போடுண்ணா. எனக்குச் சேறு பத்தல" என்றேன்.

"உன் கயனி, உன் இஷ்டம்" என்று மறுபடி ஏறினார். இரண்டு என்றது மூன்றாயிற்று. நான் வரப்பில் நின்று விரல்விட்டு எண்ணினேன்.

கிழக்கு மூலையில் ஒரு கரண்டுக் கம்பம் இருக்கிறது. அதை இழுத்துக் கட்டிய கம்பி சாய்வாக மண்ணில் இறங்கும். அங்கே வண்டி வராது, கம்பி மாட்டிக்கொள்ளும் என்று அண்ணன் அந்த மூலையை விட்டுவிட்டார். வேண்டுமென்றே விட்டார் என்று எனக்குக் கோபம். ஒரு நாள் முழுக்க நானே மண்வெட்டியால் அந்த இடத்தைக் கொத்தினேன். "கெணறு வெட்டறியா?" என்று மனைவி கேட்டுவிட்டு நாஷ்டாவை வரப்பில் வைத்துவிட்டுப் போனாள்.

நெல் நன்றாகவே வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். தையில் அறுத்தோம். அப்போது மகளுக்கு வயிறு தெரிந்தது. குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் தொட்டில் கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் மொட்டை, காது குத்து எல்லாம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். கரும்பு வளர ஒரு வருஷம் வேண்டும். கணக்குப் பார்த்தால் ஒரு நாளும் தாமதிக்க முடியாது.

நெல் அறுத்த தாளில் கால் வைத்தபோது அண்ணன் மறுபடி வந்தார். "அவசரப்படாத. நல்லாக் காயவுடு. நான் உளிக்கலப்பை மாட்டி ஆயமாக் கீறி வுடறேன். நெல்லு வெச்ச மண்ணுல அத்த செய்யாம கரும்பு வெக்கக் கூடாது."

உளிக்கலப்பை என்பது இரும்பு உளி மாதிரி ஆழமாக இறங்கி மண்ணைக் கீறுவது. அது வரப்போரம் போனால் வரப்பு சரியும். சரிந்த வரப்பை யார் கட்டுவார்? அவர்தான். எங்கே கட்டுவார்? என் பக்கம் தள்ளித்தான். இப்படி ஓடியது என் புத்தி. "வேணாண்ணா, நேரமில்ல" என்று சொல்லிவிட்டு, வேறொருவர் வண்டியை வைத்து மேலாக ஓட்டி, மாசியிலேயே கரணை, அதாவது கணுவோடு நறுக்கிய விதைக்கரும்பை, வைத்துவிட்டேன்.

முளைப்பு வந்ததைப் பார்த்து மனைவி சூடம் ஏற்றினாள். இத்தனை வருஷத்தில் இப்படி இடைவெளி இல்லாமல் வந்ததில்லை. அருகம்புல்லும் குறைவு. நானும் ஒரு பத்து நாள் அண்ணனைப் பற்றி நல்லவிதமாக நினைத்தேன்.

சித்திரை வெயில் ஏறியதும் இலை மஞ்சள் தட்டியது. தூர் வெடிக்கவில்லை, அடியிலிருந்து பக்கத் துளிர் கிளம்பவில்லை. தண்ணீர் பாய்ச்சினால் இரண்டு நாள் மேலேயே நிற்கும். வடிந்ததும் தரை பாளம் பாளமாக வெடிக்கும். கரும்பு முழங்கால் உயரத்திலேயே நின்றது. ஆனால் கம்பத்து மூலையில் மட்டும் கரும்பச்சையாக, என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது.

எனக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் அண்ணன் கழனி வழியாக வருகிறது. வாய்க்காலுக்குப் பக்கத்தில் மஞ்சள். வாய்க்காலுக்குத் தூரமாக இருக்கிற மூலையில் பச்சை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தண்ணீரில் எதையோ கலக்கிறார்.

வாய்க்கால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டில் வைத்தேன். மனைவி அதை எடுத்துத் துளசிக்கு ஊற்றிவிட்டாள். துளசி வாடும் என்று நான்கு நாள் பார்த்தேன். அது துளிர்விட்டது.

ஒரு நாள் உச்சி வெயிலில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அண்ணன் வந்தார். வாய்க்கால் முனையில் குந்தினார். மடியிலிருந்து எதையோ எடுத்தார். வெள்ளையாக இருந்தது. தண்ணீரில் உதறினார். எனக்கு நெஞ்சு அடித்த அடியில் கொட்டகையின் தகரமே சத்தம் போட்டிருக்கும். வெளியே வந்துவிட்டேன்.

"இன்னாண்ணா போடற?"

திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் டிபன் டப்பா. "சோறுடா. மிச்சம். மீனுக்குப் போட்டேன்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இன்னா கொட்டாய் பின்னால நின்னுகினு கீற? வயிறு செரியில்லியா?"

சோறுதான். மீன்கள் வந்து தின்றதை நானே பார்த்தேன். ஆனாலும் வீடு திரும்பும் வழியெல்லாம், இன்றைக்குச் சோறு, நேற்று என்ன என்று மனது கேட்டுக்கொண்டே வந்தது.

வைகாசியில் பேத்தி பிறந்தாள். அம்மனே வந்து பிறந்த மாதிரி உருண்டையான முகம். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அவள் எடை கூடியிருந்தாள். கரும்பு கூடவில்லை. மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மூணு கரும்பு தாங்காதுங்க, ஆறாவது வேணும் இவளுக்கு" என்பாள். அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. சொன்ன வாக்கு தவறினால் கொடுத்தவள் கேட்க மாட்டாளா? பாலுக்கு அழும் குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டால்கூட எனக்குக் கழனிதான் நினைவுக்கு வந்தது.

வேண்டிக்கொண்டு ஒரு வருஷம் ஆன ஆடியில் பூ கேட்கப் போனேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பது வழக்கம். நாம் கேட்க வேண்டியதைக் கேட்டதும் பூசாரி ஒன்றை எடுப்பார். நான் மனதுக்குள் கேட்டது இதுதான்: "என் கரும்பில் பிறத்தியார் கை பட்டதா? பட்டது என்றால் சிவப்பு, இல்லை என்றால் வெள்ளை."

வெள்ளை வந்தது.

"இன்னொரு தபா எடுங்க" என்றேன்.

பூசாரி வயதானவர். பொட்டலங்களைக் குலுக்கி வைத்து எடுத்தார். வெள்ளை.

"இன்னொரு தபா."

"இன்னாப்பா, அம்மா இன்னா உன்கூட ஏலம் பேசறாளா? ரெண்டு தபா சொல்லிட்டா. நீ கேக்க வந்தியா, சொல்லிக்குடுக்க வந்தியா?" தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்து அறைக்குள் போய்விட்டார்.

அடுத்து நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். அவர் உள்ளே போன நேரத்தில், அம்மன் காலடியில் மீதி இருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். இரண்டிலும் வெள்ளையே வைத்திருப்பாரோ என்று பார்க்க. அண்ணனும் பூசாரியும் ஒரே தெரு.

உள்ளே அரளி இருந்தது. சிவப்பு.

கையில் அந்தப் பூவோடு நின்றேன். அம்மன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனைச் சந்தேகப்பட்டேன், ஆபீசரைச் சந்தேகப்பட்டேன், பூசாரியைச் சந்தேகப்பட்டேன். பிறகு யாரை? பதில் சொன்னவளையே அல்லவா சோதித்துவிட்டேன். மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தரையில் விழுந்து கும்பிட்டேன். நெற்றி வலிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

கோயிலிலிருந்து நேராகக் கழனிக்குப் போனேன். பிறத்தியார் கை படவில்லை என்றால் மண்ணில்தான் ஏதோ இருக்க வேண்டும். கொட்டகையிலிருந்த கடப்பாரையை எடுத்து, மஞ்சளாக நின்ற ஒரு குத்தின் ஓரத்தில் இறக்கினேன். ஒரு சாண் இறங்கியது. பிறகு ணங் என்றது. பாறை இல்லாத கழனி அது. என் அப்பா காலத்திலிருந்து அங்கே ஒரு கல் கிடையாது.

மண்ணை வாரி எடுத்துப் பார்த்தேன். கீழே அரைத்துப் பூசிய தரை மாதிரி ஒரு தட்டு, வழவழவென்று, இறுகி. கரும்பின் வேர் அதுவரை இறங்கி, அதற்கு மேல் போக முடியாமல், பாய் முடைந்த மாதிரி பக்கவாட்டில் படர்ந்திருந்தது. இன்னொன்றும் பார்த்தேன். மண்ணில் ஒரு வெள்ளைப் புழு இல்லை. கறையான் இல்லை. ஒரு கரும்பைப் பிளந்தேன். இளசுதான், மெலிசுதான். ஆனால் உள்ளே சிவப்பு இல்லை, வாடை இல்லை, பால் மாதிரி வெள்ளை. அண்ணன் சொன்னதை நெல் செய்திருந்தது.

கம்பத்து மூலைக்குப் போய் அங்கேயும் கடப்பாரையை இறக்கினேன். இரண்டு சாணுக்கு மேல் சுலபமாகப் போனது. அந்த மூலையில் சேடை ஓட்டவில்லை. நான் மண்வெட்டியால் கொத்தியது மட்டும்தான். மற்ற இடமெல்லாம் ஆறு சுற்று. மூன்று அவர் ஓட்டியது. மூன்று நான் ஓட்டச் சொன்னது.

அம்மனிடம் பிறத்தியார் கை பட்டதா என்று கேட்டேன். என் கையைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது வரப்பிலிருந்து குரல் வந்தது. "இன்னாடா, பொதையலா?"

அண்ணன் இறங்கி வந்தார். குழிக்குள் குனிந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். நான் சொன்னேனே என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

"நிக்கற பயிருல கலப்பை போவாது. சாலுக்கு நடுவுல கடப்பாரை போட்டுப் பேத்து வுட்டா கொஞ்சம் வேரு எறங்கும். தண்ணி நிக்காம ஒரு வடிகால் எடு. அவ்ளோதான் இப்ப பண்ண முடியும்." பிறகு தன் கடப்பாரையை எடுத்துவரப் போனார்.

பத்து நாள் இரண்டு பேரும் குத்தினோம். அவ்வளவு நாளும், இவர் ஏன் வருகிறார் என்று ஒரு மூலையில் மனது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பழகிய மாடு தானாகவே தொழுவத்துக்குத் திரும்புகிற மாதிரி அது திரும்பித் திரும்பி அங்கேயே போகும். நான் பிடித்து இழுத்து வருவேன்.

ஆவணி, புரட்டாசியில் கரும்பு கொஞ்சம் தேறி எழுந்தது. மஞ்சள் போயிற்று. எனக்கு நம்பிக்கை வந்தது. ஐப்பசி மழையில், ஒரே ஒரு பகல் காற்றில் எல்லாம் படுத்துவிட்டது. வேர் ஆழமில்லாத கரும்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? மழை விட்டதும் போய்ப் பார்த்தால், பாய் விரித்த மாதிரி கிடந்தது. படுத்த கரும்பு ஆலைக்கு ஆகும். தொட்டிலுக்கு ஆகாது. நுனி மட்டும் வானத்தைப் பார்த்து வளையும், கோணிக்கொண்டு போகும்.

கம்பத்து மூலை மட்டும் நின்றது. நான் திட்டிக்கொண்டே கொத்திய அந்த நான்கைந்து குத்து மட்டும், கம்பத்துக்குத் துணை போல நேராக நின்றது.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மூலைக் கரும்பிலிருந்து ஆறை வெட்டினேன். மனைவி சொன்ன கணக்குதான். தோகையோடு ஆளைவிட இரண்டு மடங்கு உயரம். மஞ்சள் தடவிக் கோயிலுக்கு எடுத்துப் போனோம். முடிச்சு போட அண்ணனைத்தான் கூப்பிட்டேன். எங்கள் வகையறாவில் அவர்தான் மூத்தவர், அதோடு கயிற்று வேலை அவருக்குக் கைவந்தது.

கரும்பைச் சேர்த்துக் கட்டி, பேத்தியின் தொட்டிலுக்கென்று நாங்கள் எடுத்த புடவையை நடுவில் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் முடிச்சு இறுக்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உம், இசுத்துப் பாரு."

"எதுக்குண்ணா? நீதான் கட்டினியே."

"இசுத்துப் பாருடா. இல்லாட்டி நீ இங்கேர்ந்து கோயிலச் சுத்தி வரதுக்குள்ள செத்துப்பூடுவ." குரலைத் தாழ்த்தினார். "பூவு ரெண்டு தபாவும் வெள்ளையா வந்துதாமே? மூணாவது தபா கேட்டியாமே?"

பூசாரி சொல்லியிருக்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை. மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

"ண்ணா..." என்றேன்.

"கரும்பு வெட்டினதும் உளிக்கலப்பை போடறேன். வரப்புலேர்ந்து நாலு அடி தள்ளியே போடறேன், போதுமா? வரப்ப நீயே கட்டிக்க." அதுவும் தெரிந்திருக்கிறது அவருக்கு. எத்தனை வருஷமாகத் தெரியுமோ.

நான் முடிச்சை இழுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும். நன்றாகவே இழுத்தேன். இறுக்கமாக இருந்தது.

மருமகன் முன்னால் தாங்க, மகள் பின்னால் தாங்க, பேத்தியைத் தூளியில் கிடத்தினோம். கரும்பு ஒரு முறை வளைந்தது. என் உயிரும் கூட வளைந்தது. பிறகு நின்றது. பேத்தி புடவையின் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டு மேலே தோகை ஆடுவதைப் பார்த்தாள். மேளக்காரர் தட்ட ஆரம்பித்தார்.

அண்ணன் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே நடந்தார். கரும்புக் கட்டின் நடுப்பகுதிக்குக் கீழே தன் உள்ளங்கையை நீட்டியபடி, தொடாமல். மூன்று சுற்றும் அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு சுற்றிலும் அது கீழே இறங்கவில்லை.